நாய் நக்கும் தண்ணீர்

திருப்பூர் காதர்பேட்டையில் இரவு ஷட்டர்கள் இறங்கும் நேரத்தில் சந்துக்கு ஒரு நாய் பொறுப்பேற்றுக்கொள்ளும். பகலெல்லாம் பண்டல் தூக்குகிறவர்களின் காலடியில் ஒதுங்கிக் கிடந்தவை, ஆள் நடமாட்டம் குறைந்ததும் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு காவலுக்கு வந்துவிடும். அப்படியொரு சந்தில், கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குப் பின்னால் பிறந்த குட்டிதான் எங்கள் வீட்டுக் கருப்பன். ஆறு வருடமாக எங்களோடு இருக்கிறான். ஆண்டிபாளையம் குளத்தில் படகுகளைப் பார்த்துவிட்டு வந்த என் மகள், "கருப்பனையும் படகுல கூட்டிட்டுப் போலாமாப்பா?" என்று கேட்டாள். முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஏன் முடியாது என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்ததும் விசாரித்ததும் படித்ததும் போய்ப் பார்த்ததும் சேர்ந்து இந்தக் கட்டுரை ஆயிற்று.

ஆறு, கால்வாய், ஏரி, காயல் என்று உள்நாட்டு நீர்வழிகளில் எந்த அவசரமும் இல்லாமல் படகில் பொழுதைக் கழிப்பதும், அந்தப் படகில் வளர்ப்பு நாயும் ஓர் ஆளாக இருப்பதும் நம்மூருக்குப் புதிது. ஆர்டர் பேச இங்கிலாந்துக்கும் நெதர்லாந்துக்கும் போய்வந்த ஏற்றுமதி நண்பர்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊருக்கு நடுவே ஓடும் கால்வாயில் வீடு மாதிரி ஒரு படகு, அதன் கூரைமேல் பூந்தொட்டி, முன்னால் காதை நிமிர்த்திக்கொண்டு ஒரு நாய். வசதி இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு என்று பேச்சை அதோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. வசதிக்கு நம்மூரிலும் குறைவில்லை. காரில் ஏசி போட்டு நாயை உட்காரவைத்து ஊட்டிவரை போய்வருகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் யாரும் நாயோடு ஒரு படகில் ஏறியதாகக் கேள்விப்பட்டதில்லை.

மனிதன் படகில் போனால் நீரைத் தொடாமலே திரும்பி வரலாம். நாய் அப்படி வராது. விளிம்பில் குனிந்து நக்கிக் குடிக்கும். மனசு வந்தால் குதிக்கும். நனைந்து ஏறிவந்து தன் உடம்பு முழுக்க நாக்கால் துடைக்கும். நாற்றமடிக்கும் ஏரியில்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு மனிதனுக்குப் படகுச் சவாரி நடத்திவிட முடியும். நாயை ஏற்றிக்கொண்டு நடத்த முடியாது. ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்று ஒரு சொலவடை இருக்கிறது. கிடைத்த வாய்ப்பை அனுபவிக்கத் தெரியாதவனைக் குத்திக்காட்டச் சொல்வது. எனக்கு இப்போது அதில் வேறொன்று கேட்கிறது. அந்தச் சொலவடை பிறந்த காலத்தில் ஆறு நிறையத் தண்ணீர் போயிருக்கிறது. அதை நாய் நக்கிக் குடித்திருக்கிறது. குடித்துவிட்டு நன்றாகவும் இருந்திருக்கிறது.

நம் நொய்யல் ஆற்றின் கதை தெரியாதவர் திருப்பூரில் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கும் ஆறு இது. நீளம் சுமார் 180 கிலோமீட்டர். பேரூர்ப் புராணம் இதைக் காஞ்சி நதி என்கிறது. ஆண்டு முழுவதும் இரு கரையும் புரண்டு ஓடிய ஆறு என்று யாரும் சொல்ல முடியாது; மழைக்கால ஆறுதான். ஆனால் பழைய காலத்தவர் அதற்குத் தக்கபடி அணைக்கட்டுகளைக் கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்குப் போகும்படி கோத்துவைத்தார்கள். ஆறு வற்றினாலும் குளம் இருந்தது. குளம் இருந்ததால் கிணறு ஊறியது.

பனியன் துணி வெள்ளையாகவே விற்றிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். வெளுக்கவும் சாயமேற்றவும் தண்ணீர் வேண்டும். பருத்தி நூலில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் சாயத்தோடு உப்பும் நிறையப் போட வேண்டும். சாயத்தில் பெரும்பங்கு துணியில் தங்கும். உப்பு தங்காது, அலசிய தண்ணீரோடு அப்படியே வெளியே வரும். கண்ணுக்குத் தெரிந்த சிவப்பையும் நீலத்தையும் பார்த்து ஊர் பயந்தது. நிலத்தைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு. பாசனத்துக்கென்று 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறியது. எந்த உழவனுக்காக அணை கட்டப்பட்டதோ அவனே மதகைத் திறக்காதீர்கள் என்று கேட்டுப் போராட நேர்ந்தது. பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006-இல் தீர்ப்பு வந்தது. அது நிறைவேறாமல் இழுத்துக்கொண்டே போனதால், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரேயடியாக நின்றன. அந்த மாதங்களில் காதர்பேட்டை எப்படிக் கிடந்தது என்பது இங்கே கடை வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற விதியை ஏற்று, 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு வடிகட்டியும் நீராவியாக்கியும் தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து, இரண்டையும் மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பும் ஏற்பாடு வந்தது. சாய உலகில் இதை இந்த அளவில் செய்து காட்டிய ஊர்கள் மிகக் குறைவு. பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் ஆறு திரும்பி வந்துவிட்டதா? வளர்மதி பாலத்தில் நின்று பாருங்கள். சாயத்தின் இடத்தைச் சாக்கடை பிடித்துக்கொண்டது. கோவையின் கழிவுநீர், நம் வீடுகளின் கழிவுநீர், இறைச்சிக் கழிவு, பிளாஸ்டிக், இருட்டில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடப்படும் சாயத்தண்ணீர், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஆகாயத்தாமரை. கருப்பன் அந்தப் பக்கம் நடந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறான்.

இதே நிலை துணி நெய்த வேறு ஊர்களுக்கும் வந்ததுதான். கோவையைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்று அழைத்துப் பழகிய நமக்கு, அந்த மான்செஸ்டரின் ஆறு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளும் கடமை இருக்கிறது. பஞ்சாலைகளும் சாயப்பட்டறைகளும் கரையோரம் அடர்ந்திருந்த இர்வெல் ஆறு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயிரற்ற சாக்கடையாக ஓடியது. அந்த ஊரைச் சுற்றித்தான் கால்வாய்களும் பிறந்தன. வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுவர 1761-இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்டது. லீட்ஸ் நகரையும் லிவர்பூலையும் இணைக்கும் கால்வாய் 1816-இல் முடிந்தது; நீளம் 204 கிலோமீட்டர். கம்பளி ஆலைகளும் பஞ்சாலைகளும் அதன் கரையில் வரிசையாக எழுந்தன. ரயில் வந்தது, பிறகு லாரி வந்தது, கால்வாய்கள் கைவிடப்பட்டுத் தூர்ந்தன. நம் வாய்க்கால்களைப் போலவே குப்பை கொட்டும் இடமாயின.

அவற்றை மீட்டது அரசாங்கம் மட்டுமே இல்லை. எல். டி. சி. ரோல்ட் என்ற பொறியாளர் ஒரு பழைய சரக்குப் படகை வீடாக்கிக்கொண்டு கால்வாய்களில் சுற்றினார். அந்தப் பயணத்தை எழுதி 1944-இல் புத்தகமாக்கினார். படித்தவர்கள் கிளம்பினார்கள். 1946-இல் உள்நாட்டு நீர்வழிகளைக் காக்க ஒரு சங்கம் பிறந்தது. தொண்டர்கள் சனி ஞாயிறுகளில் மண்வெட்டியோடு இறங்கித் தூர் வாரினார்கள். மான்செஸ்டர் பக்கத்து ஆறுகளுக்கென்று 1985-இல் மெர்சி ஆற்றுப்படுகை இயக்கம் தொடங்கி 25 ஆண்டுகள் நடந்தது. சாக்கடைக்குத் தனி வழி, ஆலைக் கழிவுக்குக் கட்டுப்பாடு, கரைக்கு மரம் என்று ஒவ்வொன்றாகச் செய்தார்கள். தேம்ஸ் ஆற்றில் லண்டன் நகருக்குள் ஓடும் பகுதியில் உயிர்களே இல்லை என்று 1957-இல் அந்நாட்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அறிவித்திருந்தது. இன்று அங்கே மீனும் கடல்நாயும் இருக்கின்றன. அந்த நாட்டிலும் மழைக்காலத்தில் ஆற்றில் சாக்கடை கலப்பதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. வேலை முடிந்துவிடவில்லை, அவ்வளவுதான்.

நாய்க்கு வருகிறேன். அந்தக் கால்வாய்களில் படகும் நாயும் பொருந்திப்போனதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. இயந்திரம் வருமுன் அந்தப் படகுகளைக் கரையில் நடந்தபடி குதிரைகள் இழுத்தன. குதிரை நடப்பதற்காகக் கால்வாய் நெடுகப் பாதை போட்டிருந்தார்கள். குதிரை போய்விட்டது, பாதை இருக்கிறது. படகுகளின் அகலம் ஏழடி. வேகம் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது. அது மனிதன் விரைந்து நடக்கும் வேகம். ஆகவே ஒருவர் படகை ஓட்ட, இன்னொருவர் நாயோடு பக்கத்திலேயே கரையில் நடந்து வரலாம். நீர்மட்டத்தை ஏற்றியிறக்கும் மதகுக்கூண்டு வரும்போது படகு நிற்கும். நாய் ஏறும், இறங்கும், புல்லில் கால் தூக்கும். படகில் நாய்க்கு இருக்கும் பெரிய கஷ்டம் கடலும் அலையும் இல்லை, இயற்கை உபாதைதான். கரை எப்போதும் எட்டும் தூரத்தில் இருந்தால் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிச் சுமார் 2000 மைல் நீர்வழியை 2012 முதல் ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது.

ஐரோப்பாவில் படகுக்கென்றே வளர்த்த நாய்கள் இருக்கின்றன. பெல்ஜியத்தின் ஷிப்பர்கி சிறிய கறுப்பு நாய். சரக்குப் படகில் எலி பிடிப்பதும் காவல் காப்பதும் அதன் தொழில். நெதர்லாந்தின் கீஸ்ஹாண்டும் அப்படியே. நாம் செல்லமாக வளர்க்கும் லேப்ரடாரின் முன்னோர்கள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு வலை இழுத்தவை. ஜெரோம் கே. ஜெரோம் 1889-இல் எழுதிய தேம்ஸ் படகுப் பயண நாவலில் மூன்று நண்பர்களோடு மோண்ட்மோரன்சி என்ற நாயும் போகிறது. அந்த நாய் இல்லாமல் அந்தக் கதையை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது.

தமிழ்நாட்டிலும் படகுப் பயணம் வாழ்க்கையின் பகுதியாக இருந்த இடம் உண்டு. சென்னையில் 1806-இல் கொக்ரேன் கால்வாயாகத் தொடங்கி, வடக்கும் தெற்கும் நீண்டு, 1878-இல் பக்கிங்காம் என்று பெயர் பெற்ற கால்வாயின் நீளம் சுமார் 420 கிலோமீட்டர். தாது வருஷப் பஞ்சத்தில் கூலி வேலையாக அதன் ஒரு பகுதியை மக்கள் வெட்டினார்கள். அரிசியும் விறகும் உப்பும் அதில் போயின. பாரதிதாசன் நண்பர்களோடு அதில் படகேறி மாமல்லபுரம் போனதை 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையாக்கினார். இன்று சென்னை நகருக்குள் அந்தக் கால்வாயில் யாரும் படகேற மாட்டார்கள். நாய்கூட நக்காது.

இனி, காதர்பேட்டையிலிருந்து கிளம்புகிற ஒருவர் நாயோடு எங்கே போகலாம் என்று பார்ப்போம்.

மிக அருகில் இருப்பது மங்கலம் சாலையில் ஆண்டிபாளையம் குளம். சுற்றுலாத் துறை அங்கே படகு இல்லம் அமைத்திருக்கிறது. வார இறுதியில் குழந்தைகளைக் கூட்டிப்போக ஓர் இடம் வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த ஊருக்கு அது நல்ல வரவு. கோவையில் வாலாங்குளத்திலும் உக்கடம் பெரியகுளத்திலும் இப்படித்தான் படகு வந்தது. இந்த மாதிரி இடங்களில் நாயை ஏற்ற மாட்டார்கள். ஒரு படகுத்துறையில் கேட்டுப் பார்த்தேன். சீட்டுக் கொடுப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான்கு பேர் மிதிக்கும் சின்னப் படகில் நாய் ஒரு பக்கம் பாய்ந்தால் எடை சாயும். பக்கத்துப் படகில் நாயைக் கண்டு பயப்படும் குழந்தை இருக்கும். தவறிக் கடித்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆரம்பிக்க வேண்டும். தடை சரிதான். நான் வருந்துவது வேறொன்றுக்கு. தடை இல்லாமல் போனாலும் அந்தத் தண்ணீரில் கருப்பனை இறக்க எனக்குத் தைரியம் வராது. நொய்யலில் வருவதுதான் குளங்களுக்கும் வருகிறது.

ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பரப்பு சுமார் 125 ஹெக்டேர். இமயத்துக்கு அப்பாலிருந்து பட்டைத்தலை வாத்துகள் பனிக்காலத்தில் வந்து இறங்குகிற இடம். இங்கே படகும் வேண்டாம், நாயும் வேண்டாம். கரையில் கூடுகட்டும் பறவைக்கு நாயின் வாசனையே போதும், கூட்டை விட்டு எழுந்துவிடும். நாய்ப் பிரியர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய எல்லை இது. வனத்துறைக்குள் வரும் இடங்களுக்கும் இதுவே. பில்லூர் அணையில் பரளிக்காட்டுப் பரிசல் பயணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே வீட்டு நாய்க்கு வேலையில்லை. வீட்டு நாயின் உடம்பிலிருந்து டிஸ்டெம்பர் கிருமி செந்நாய்க் கூட்டத்துக்குத் தொற்றினால் கூட்டமே அழியும்.

உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணை. அதைப் பற்றி ஒரே வரி போதும்: தென்னிந்தியாவில் காட்டுச் சூழலில் சதுப்புநில முதலைகள் அதிகமாக இனப்பெருக்கம் செய்யும் நீர்த்தேக்கங்களில் அது ஒன்று. கரையில் நின்று தண்ணீர் குடிக்கும் நாய் முதலைக்குப் பிடித்தமான இரை. பவானிசாகர் நீர்த்தேக்கத்திலும் ஒகேனக்கல் பக்கத்துக் காவிரியிலும் முதலை உண்டு என்பதை மறக்கக் கூடாது.

எனக்கு நம்பிக்கை தந்த இடம் பவானி ஆறு. கொடிவேரி அணைக்கட்டு இங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் அங்கிருந்துதான் பிரிந்து கோபி வட்டாரத்தைப் பச்சையாக வைத்திருக்கின்றன. கூட்டம் நெரிக்கும் அணைக்கட்டில் நாயோடு நிற்க முடியாது. கூட்டமில்லாத ஒரு துறையில் பரிசல்காரர் ஒருவரைப் பிடித்தேன்.

"நாய் ஏறுமுங்களாண்ணா?"

"ஏறுமுங்க. ஏறிட்டு உக்காருமுங்களா, அதச் சொல்லுங்க."

இந்த விஷயத்தில் நான் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான். பரிசல் மூங்கில் பிளாச்சில் வட்டமாகப் பின்னியது. முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கு வைத்துத் தார் பூசுகிறார்கள். அடிப்பக்கம் தட்டை, ஆட்கள் சுற்றிலும் சமமாக உட்கார்ந்தால்தான் நேராக நிற்கும். நாய் நடுவில் படுத்துவிட்டால் அதைவிட நல்ல பயணி கிடையாது. எழுந்து விளிம்புக்குப் போனால் அவ்வளவுதான். அவர் தரையில் கிடந்த பரிசலில் கருப்பனை ஏறச் சொன்னார். ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். "நகத்தால சொரண்டுச்சுன்னா தாரு பேந்துரும், அடில ஏதாச்சும் போடுங்க" என்றார். நான் காரிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டையை எடுத்து விரித்தேன். ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கவும் கப்பலில் இயந்திரம் துடைக்கவும் போகிற நம் காதர்பேட்டைத் துணிக்கழிவு, பரிசலுக்குள் நாய்க்கு மெத்தையானது. மூன்று வாரம் போய்வந்து கரையிலேயே பழக்கினோம். நான்காவது வாரம் தண்ணீரில் இறக்கினார். எல்லோருக்கும் மிதவைச் சட்டை. கருப்பனுக்கும் முதுகில் கைப்பிடி வைத்த ஒன்று. கால் மணி நேரம் போயிருப்போம். அவன் முகவாயை விளிம்பில் வைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு குனிந்து குடித்தான். தடுக்கக் கை போய், பாதியில் நின்றுவிட்டது.

பவானி மாசற்ற ஆறு என்று சொல்ல வரவில்லை. சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கழிவை எதிர்த்து அந்தக் கரை மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கீழே வரவர ஊர்களின் சாக்கடை சேர்கிறது. பவானிசாகரில் தண்ணீர் திறந்தால் மட்டம் மளமளவென்று ஏறும். அன்றைக்குப் பரிசல் ஓடாது, ஓட்டச் சொல்லவும் கூடாது. ஆனாலும் அது ஓடுகிற தண்ணீர். 2016-இல் நாடு முழுவதும் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகளாக அறிவித்த சட்டத்தில் பவானியின் பெயரும் இருக்கிறது. பட்டியலில் இருப்பதால் மட்டும் படகு வந்துவிடாது.

நாயோடு ஓரிரவு தண்ணீரில் தங்க வேண்டும் என்றால் இப்போதைக்குக் கேரளம்தான். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் ஆறேழு மணி நேரத்தில் ஆலப்புழை. கெட்டுவள்ளம் என்பதற்குக் கட்டிய வள்ளம் என்று பொருள். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைக் காய்ச்சிப் பூசிய படகு. குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுபோனவை, சாலை வந்தபின் வேலையிழந்தன. 1990களின் தொடக்கத்தில் கூரையும் படுக்கையறையும் வைத்துச் சுற்றுலாவுக்குத் திருப்பினார்கள். வேலை போன ஒரு படகுத் தொழிலை இப்படித் திருப்பிவிட்டதில் மலையாளிகளின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. நாயை அனுமதிக்கும் படகுக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் முன்பணம் கட்டுமுன்பே நாயின் இனம், எடை, பழக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். துறைக்குப் போய் நின்றபின் பேரம் பேசுவது இரு பக்கத்துக்கும் அவமானம்.

ரயிலில் போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். முதல் வகுப்பில் இரண்டு படுக்கையோ நான்கு படுக்கையோ கொண்ட அறை முழுவதையும் நாமே எடுத்தால்தான் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். அல்லது பார்சல் அலுவலகத்தில் பதிந்து கார்டு வண்டிக் கூண்டில் ஏற்ற வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஏசி வகுப்புகளிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. கூண்டு எஞ்சின் சத்தத்திலும் வெயிலிலும் நாயைப் பாதி ஆக்கிவிடும். காரில் போவதே மேல்.

குட்டநாட்டில் சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கு மேல் படகு ஓடாது. மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். வயல் வரப்பை ஒட்டிக் கட்டிவிடுவார்கள். நாய்க்கு அதுதான் நல்ல நேரம். கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் நெல்வயல், மேலே தண்ணீர், நடுவில் ஒற்றையடி வரப்பு. கயிற்றை மட்டும் கழற்றக் கூடாது. வாத்து மேய்ப்பவர்களின் கூட்டம் ஆயிரக்கணக்கில் அந்த வயல்களில் மேயும். நாய் ஒருமுறை பாய்ந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு கெடும். பகலில் ஏழெட்டு மணி நேரம் நாய் சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கும். வீட்டில் பழகிய நாய் படகுப் பலகையை அசுத்தம் செய்ய ஒப்பாது. வீட்டு வாசல் மண்ணை ஒரு தட்டில் அள்ளிப்போய் பின்பக்கம் வைத்தால் வாசனை கண்டு போகும். மோட்டார் பக்கத்தில் வைக்காதீர்கள், பயந்துவிடும். ஆகாயத்தாமரைதான் மிகப் பெரிய அபாயம். பச்சைப் பசேலென்று தரைபோல் மிதக்கும். நாய் புல்தரை என்று நம்பிக் குதிக்கும். கொடியில் கால் சிக்கிக்கொண்டால் நீந்தத் தெரிந்த நாயும் மூழ்கும். அந்தக் காயல் தண்ணீரும் குடிக்கத் தகுந்ததில்லை. எத்தனையோ படகுகளின் கழிவும் ஊர்களின் கழிவும் அதில்தான் சேர்கின்றன. வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுபோங்கள்.

உயிர்ப் பாதுகாப்பில் படகுக்காரர் சொல்வதற்கு மேலாக நாமே கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். 2009-இல் தேக்கடியில் 45 பேரும், 2023 மே மாதம் தானூரில் 22 பேரும் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகில் நாயோடு மட்டுமில்லை, தனியாகவும் ஏறக் கூடாது.

எல்லா நாயும் நீந்தும் என்பது தவறான நம்பிக்கை. தலை பெருத்து மூக்கு சப்பையான பக், புல்டாக் வகைகள் தண்ணீரில் கல்லாக இறங்கும். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் நிலத்தில் காற்று. ஆனால் உடம்பில் கொழுப்பில்லாததால் நீரில் சீக்கிரம் குளிர்ந்துவிடும். ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். கூப்பிட்டுத் திருப்பலாம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். நாய்க்கு மனிதனைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். சித்திரை வெயிலில் இரும்புத் தளத்தில் பாதம் வெந்துவிடும். தேங்கிய நீரில் எலியின் மூத்திரம் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கான மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். குளத்தில் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் பாசி படர்ந்திருந்தால் நாயைக் கிட்டவே விடக்கூடாது. சில நீலப்பச்சைப் பாசிகளின் நஞ்சு சில மணி நேரத்தில் ஈரலைத் தின்று நாயைக் கொன்றுவிடும். சாக்கடை கலந்து வெயிலில் காயும் குளத்தில்தான் அந்தப் பாசி செழிக்கும்.

நம் மாவட்டத்தில் நாயைப் பற்றிப் பேசுகிற எவரும் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துப் பட்டிகளை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. இரவோடு இரவாக நாய்க்கூட்டம் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறிப்போட்டதும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்து இழப்பீடு கேட்டதும் நம் கண்முன் நடந்தவை. ஆற்றோரம் கொட்டப்படும் இறைச்சிக் கழிவில் வளர்ந்த கூட்டங்கள் அவை என்று அந்த விவசாயிகள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆக, ஆற்றைக் கெடுத்த கைதான் நாயையும் கெடுத்தது. ஆற்றங்கரைக்கு நாயோடு போகிற ஒவ்வொருவரும் கயிறும் தடுப்பூசிச் சீட்டும் கையில் வைத்திருப்பது அந்த ஆட்டுக்காரருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

என் மகளுக்கு நான் சொன்ன பதிலை இப்போது மாற்றிக்கொண்டேன். கருப்பனைப் படகில் கூட்டிப் போக முடியும். இன்னும் நம்மூர்த் தண்ணீரில் முடியாது. லீட்ஸ் கால்வாய்க் கரையில் டைட்டஸ் சால்ட் 1853-இல் திறந்த சால்டேர் ஆலையும் தொழிலாளர் ஊரும் 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். தறிச்சத்தம் நின்ற அந்த ஆலைக்குக் கீழே இன்று படகுகள் போகின்றன, கரைப் பாதையில் நாய்கள் நடக்கின்றன. தொழில் செத்த பிறகுதான் அவர்களுக்குத் தண்ணீர் திரும்பியது. திருப்பூருக்குத் தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். உப்பைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஊருக்குச் சாக்கடையைப் பிரிக்கத் தெரியாமல் போகாது.

மாநகராட்சிக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். படகு இல்லத்தில் நாயை ஏற்ற அனுமதி கேட்டு நான் எழுதவில்லை. ஆண்டிபாளையம் குளத்துக் கட்டணப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வையுங்கள். அந்த மாதம் அந்தத் தண்ணீரைச் சோதித்ததில் உப்பு எவ்வளவு, கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு, மலக்கிருமி எவ்வளவு என்று தமிழில் எழுதி, மாதாமாதம் மாற்றுங்கள். காதர்பேட்டையிலிருந்து சாக்பீஸும் டஸ்டருக்குப் பனியன் துணியும் நாங்கள் அனுப்பிவைக்கிறோம்.